இன்னும் மூன்று நாள்

தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் ஜெயந்தினி ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம் பாதி, சறுக்கல் பாதி. ஜூன் மாதத்து மழையில் மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. செருப்பு இரண்டும் இடது கையில். வலது கை ஸ்வெட்டரை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தது. உள்ளே காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி. ஒவ்வொரு தாவலுக்கும் அதன் முனை, மகளின் புதுப் பல் பட்டுக் கன்றிப்போன இடத்தில் போய் இடித்தது. வலியைப் பார்க்க நேரமில்லை.

மணி ஒன்பதே கால். பத்து மணிக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிடுவார். பி.எச்.ஐ. மாத்தயா என்று தோட்டமே கூப்பிடும் அந்த மனிதர் கையில்தான் இருந்தது எல்லாம். மேமலை டிவிஷனின் வாசலில், இரண்டு தார்ப் பீப்பாய்களின் மேல் குறுக்கே கிடக்கும் மரத்தடி இன்றைக்குத் தூக்கப்படுமா, கிடக்குமா? அவருடைய கையெழுத்து ஒரு கொப்பியை நம்பி இருந்தது. அந்தக் கொப்பியை எழுதியவள் ஜெயந்தினி.

கொப்பி முழுக்கப் பொய் என்பது கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்கே தெரிந்தது.

வரிசை வீடுகளில் கடைசி லயத்து வேலாயியை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை அந்தத் தடி விழுந்தது. உள்ளே யாரும் வரக் கூடாது, வெளியே யாரும் போகக் கூடாது. பதினாலு நாள் என்றார்கள். வேலாயி ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள். லயத்தில் இன்னும் இரண்டு பேருக்கு நோய் வந்து போனது. பதினாலு இருபத்தொன்றாக நீண்டது. இருக்கிறவர்களில் கொஞ்சப் பேர் டிவிஷனுக்குள்ளேயே கொழுந்து எடுக்கலாம் என்று மட்டும் அனுமதி. அதற்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது நெற்றிக்கு நேரே துப்பாக்கியைக் காட்டி, அது சொல்லும் எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும்.

அந்த வேலை ஜெயந்தினிக்கு வந்தது. அவள் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகும் முப்பத்திரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைக்காம்பரா மூடிக் கிடந்ததால் கை சும்மாதானே இருக்கிறது என்று துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரான் பிள்ளைகளைப் பார்த்தவளின் சொந்தப் பிள்ளை தடிக்கு அந்தப் பக்கம்.

யதுஷாவுக்குப் பதின்மூன்று மாதம். ஒரு பயிற்சி வகுப்புக்காக நுவரெலியா போன அன்றைக்கு, கந்தப்பளையில் இருக்கும் அம்மாவிடம் குழந்தையை விட்டிருந்தாள். திரும்பும்போது நல்ல மழை. குழந்தை தூங்கிவிட்டது. ஒரு ராத்திரிதானே, விடிந்ததும் வந்து தூக்கிக்கொள்ளலாம் என்று தனியாக வந்தாள். விடிந்தபோது தடி கிடந்தது. புருஷன் வினோஜன் கொழும்பில் வேலை செய்யும் இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தான். அம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். முகம் பார்க்க வழியில்லை, குரல் மட்டும். போத்தல் பாலைத் துப்புகிறாள் என்றாள் அம்மா. தடி விழுந்து ஒரு வாரம் கழித்து, கீழே புதுசாகப் பல் முளைத்திருக்கிறது என்றாள்.

தடி தூக்கப்பட வேண்டும் என்று மேமலையில் மற்றவர்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள். ஜெயந்தினி பேசவில்லை. நாள் எண்ணினாள். இன்றைக்கு இருபத்தொன்று.

அப்படி இருந்தவள்தான் காலையில் அந்தக் கண்றாவியைக் கண்டுபிடித்தாள்.

ஆறரை மணிக்குப் பெரட்டுக் களத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டம். நனைந்த தலைத்துணியோடு, பொதுக் குழாயான பீலித் தண்ணீரில் முகம் கழுவிய ஈரத்தோடு அறுபத்து நாலு பேர் வரிசையில் வந்தார்கள். துப்பாக்கி 33.4 என்றது. 33.8 என்றது. சிலருக்கு எண்ணே காட்டாமல் கீச்சிட்டது. தினமும் அப்படித்தான். பி.எச்.ஐ. கொடுத்த கொப்பியிலோ முப்பத்தாறுக்குக் கீழே கட்டமே கிடையாது. முதல் நாளே ஆபீஸ் கிளாக்கரிடம் கேட்டாள். குளிருக்கு மெஷின் அப்படித்தான் காட்டும், முப்பத்தாறு என்று போட்டுவிடு என்றார் அவர். போட்டாள். மூன்று வாரமாகப் போட்டாள்.

இன்றைக்கு ஒரே ஒரு நெற்றி மட்டும் 36.1 காட்டியது. ஜெயந்தினிக்கு மனசு லேசாகிவிட்டது. அப்பாடா, பொய் கலக்காமல் எழுத ஒரு பேராவது கிடைத்ததே.

பிறகு பிள்ளைக்காம்பரா குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா விளையாட்டுக்குத் தன் நெற்றியிலேயே துப்பாக்கியை வைத்துப் பார்த்தாள். 36.7. காலையில் இதே நெற்றி 33.6. வெளியே போய் பனியில் இருநூறு எண்ணும் வரை நின்றாள். 33.7. உள்ளே வந்து அடுப்பருகில் உட்கார்ந்தாள். மறுபடி ஏறியது.

மேட்டுக் காற்று ஒவ்வொரு நெற்றியிலிருந்தும் மூன்று டிகிரியைத் திருடிக்கொண்டிருந்தது. அப்படியானால் பனியில் 36.1 காட்டிய நெற்றி, கூரைக்குக் கீழே எவ்வளவு காட்டும்?

மேமலை முழுவதிலும் சரியான சூட்டில் இருப்பவள் என்று அவள் சந்தோஷப்பட்டவள்தான் காய்ச்சல்காரி.

அந்தப் பேர் பூரணி. தொழிற்சங்கத் தலைவர் மாயாண்டியின் மனைவி. தடியைத் தூக்கியே ஆக வேண்டும் என்று மூன்று நாளாகத் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கும் அதே மாயாண்டி.

*

பூரணியின் ஒற்றை அறைக் காம்பராவில் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அடுப்பை ஒட்டி, கம்பளியைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தாள் பூரணி. மலைக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்திருக்கிறாள்.

“என்னா புள்ள, பேய் அடிச்ச மாதிரி ஓடியாற?”

“நெத்தியக் காட்டுங்கக்கா.”

“காலையிலதான காட்டினேன்.”

“இங்க, அடுப்புக்கிட்ட காட்டுங்க.”

பூரணி காட்டினாள். துப்பாக்கி மூன்று தரம் கீச்சிட்டது. சின்னத் திரை சிவப்பாகிவிட்டது. 39.2.

எப்போதிருந்து என்று கேட்டாள் ஜெயந்தினி. நேற்று மத்தியானத்திலிருந்து உடம்பு அனல் என்றும், மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று நினைத்ததாகவும் பூரணி சொன்னாள். சொல்லும்போது அவள் கண் ஜெயந்தினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது.

“பூரணி, அடுப்புல என்னத்தப் போட்டு வெச்சிருக்க? கருவாடு கருகி நாறுது. மூக்க அடகு வெச்சிட்டியா?”

இருவரும் திரும்பினார்கள். தணலில் கிடந்த கருவாட்டுத் துண்டு கரிக்கட்டையாகியிருந்தது. புகை கண்ணைக் கரித்தது. கூரைக்கும் சுவருக்கும் இடையில் சுருண்டு சுருண்டு போனது. பக்கத்துக் காம்பராவுக்கு எட்டிய நாற்றம், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் எட்டவில்லை.

இரண்டு பேருக்கும்.

ஜெயந்தினி எழுந்து, சுவர் மாடத்திலிருந்த தைலப் போத்தலைத் திறந்து மூக்கருகே வைத்தாள். வெறும் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது, வாசம் வரவில்லை. மூன்று நாலு நாளாகச் சோறு மண்ணாக இறங்கியதும், கவலையில் நாக்கு செத்துப்போச்சு என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் இப்போது ஒன்றாக வந்து நின்றன.

“ஒனக்குமா?” என்றாள் பூரணி. ஜெயந்தினி போத்தலை மூடி வைத்தாள்.

பூரணி தணலில் கிடந்த கரியைக் குச்சியால் வெளியே தள்ளினாள்.

“சொல்லப் போறியா?”

“தெரியலக்கா.”

“வேலாயிக்கு நாங்க என்னா செஞ்சோம்னு ஒனக்குத் தெரியுமில்ல.”

தெரியாமல் என்ன. வேலாயியை ஏற்றிக்கொண்டு போன அன்றே, அவள் புருஷன் வைரவன் பீலிப்பக்கம் வரக் கூடாது என்று மாயாண்டி கட்டளை போட்டார். மனுசன் மூன்று வாரமாக ஓடையில் தண்ணீர் மொண்டு குடிக்கிறார். வேலாயி செத்த செய்தி வந்தபோது சாவுத் தப்பு அடிக்கவில்லை. சாம்பல் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் வைரவனே தன் வாசலில் உட்கார்ந்து, ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையால் கொஞ்ச நேரம் தட்டினார். அதையும் வந்து நிறுத்தினார்கள், நோய் பரவும் என்று.

“நீ வாயத் தொறக்கலன்னா பத்து மணிக்குத் தடி போயிரும். பதினொன்னுக்கு நான் தனியா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன். லயத்துல ஒரு ஆளுக்கும் தெரியாது. நீ ஓம்புள்ளையப் போய்த் தூக்கிக்க.”

“இதோடயா போய்த் தூக்குறது?”

பூரணி கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “சொன்னா எம்பேரோட முடியாது புள்ள. அதையும் யோசிச்சுக்க.”

யோசித்ததனால்தான் ஜெயந்தினிக்குக் கால் நகரவில்லை. தூரத்தில், வாசல் பக்கத்தில், ஜீப் ஒன்று முக்கி முனகி ஏறும் சத்தம் கேட்டது.

*

தடிக்கு அந்தப் பக்கம் பி.எச்.ஐ. மாத்தயாவும் ஒரு பொலிஸ்காரரும். இந்தப் பக்கம் மேமலை இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். அதை மதித்தவர் யாருமில்லை. ஆனால் திறக்கச் சொல்கிற கூட்டத்துக்கும் வேண்டாம் என்கிற கூட்டத்துக்கும் நடுவில் மட்டும் யாரும் சொல்லாமலே பன்னிரண்டடி இடைவெளி விழுந்திருந்தது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு ஒருவர் பேர் வைத்தவர்கள், மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாயாண்டி வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக வந்திருந்தார். இருநூறு பேர் வேலை செய்த இடத்தில் அறுபத்து நாலு பேருக்குத்தான் வேலைக்குப் பேர் கிடைக்கிறது என்றார். லயத்துப் பின்னாலே போட்ட லீக்ஸும் கரட்டும் மண்ணிலேயே அழுகுகிறது, லொறி வருவதில்லை. டவுனில் கடை வேலைக்குப் போய்வந்த ஜீவராஜின் இடத்துக்கு முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார். நிவாரணப் பையில் வந்த பருப்பு பத்து நாளிலேயே தீர்ந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கேட்கிறவர்களைத் தைத்தது.

“நோயில செத்தது ஒரு ஆளு மாத்தயா. அடைச்சு வெச்சீங்கன்னா எல்லாருமே சாவோம்.”

அந்த ஒரு ஆள் என்ற சொல் விழுந்ததும் எதிர்க்கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அழகம்மா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுடைய மாமியாருக்கு இழுப்பு நோய். தலைவர் வீட்டில் மூச்சு வாங்குகிற ஆள் யாரும் இல்லை, அதனால் திறக்கச் சொல்கிறார் என்றாள். திறந்த மறுநாளே டவுன் பஸ்ஸில் ஏறிப் போய், டவுன் சளியை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை யார் தடுப்பது என்று கேட்டாள். சோற்றுக்கு அவள் மாமியாரையா அடுப்பில் வைப்பது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

அப்போதுதான் வைரவன் பேசினார். கூட்டத்தை விட்டுத் தள்ளி, மழைக்கு ஒதுங்குகிற மாதிரி ஒரு மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரத்தில் கழுத்தெலும்பு வெளியே வந்திருந்தது.

“மூணு நாளு. இன்னும் மூணே நாளு மூடி வையுங்க மாத்தயா. நாலாம் நாளு தொறங்க. வேற ஒன்னும் கேக்கல.”

மூன்று நாளாக அவர் சொல்லிவரும் பேச்சு இது. முந்தாநாள் ஐந்து நாள் கேட்டார். நேற்று நாலு. ஒருத்தருக்கும் விளங்கவில்லை. பதினாலுமில்லை, ஏழுமில்லை, இது என்ன கணக்கு?

“மூணு நாள்ல என்னா ஆகப் போவுது?” என்றார் மாயாண்டி. “ஒங்க பொண்டாட்டி திரும்பி வரப் போவுதா?”

தன் பக்கத்து ஆட்களே தலையைக் குனிந்துகொண்டதை மாயாண்டி பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் முகத்திலும் தெரிந்தது. ஆனால் சொன்னதை அள்ள முடியாது.

வைரவன் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பி.எச்.ஐ. மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் நாலு தோட்டம் போக வேண்டும். தமிழைச் சிங்களத்தில் தோய்த்துப் பேசுகிறவர், நல்ல மனிதர். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டதாகவும், அழுகையை வைத்துத் தன்னால் எதையும் முடிவு செய்ய முடியாது என்றும், கொப்பியில் காய்ச்சல் இல்லையென்றால் தடி தூக்கப்படும் என்றும் சொன்னார். கையை நீட்டினார்.

“ஆயா, கொப்பி குடுங்க.”

ஜெயந்தினி கொப்பியைக் கொண்டுபோய்த் தடியின் மேல் வைத்தாள். அவர் புரட்டினார். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு. அவர் விரல் ஒவ்வொரு பக்கமாக இறங்கி வந்தது. பேனை மூடியைக் கழற்றினார்.

இன்னும் ஒரு நிமிசம். ஒரே நிமிசம் சும்மா நின்றால் போதும். பிற்பகலுக்குள் கந்தப்பளை. யதுஷா கையை நீட்டிக்கொண்டு வருவாள். வந்து இந்தக் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பாள். வாசம் தெரியாத இந்த மூச்சு அவள் முகத்தில் படும். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவும் திறக்கும். முப்பத்திரண்டு தொட்டில்.

“மாத்தயா, கையெழுத்துப் போடாதீங்க.”

தன் குரல்தான் அது என்று அவளுக்கே இரண்டாவது நொடியில்தான் தெரிந்தது.

அவள் துப்பாக்கியை எடுத்தாள். பக்கத்தில் நின்ற மாயாண்டியின் நெற்றிக்கு நேரே பிடித்து, எண்ணைத் திருப்பி மாத்தயாவுக்குக் காட்டினாள். 33.9. கொப்பியில் காலையில் அவர் பேருக்கு எதிரே இருந்தது 36.2.

“இவ்வளவுதான் சூடுன்னா, தலைவர் செத்து மூணு நாளாச்சு,” என்றாள் அழகம்மா.

இந்தத் தரம் இரண்டு பக்கமும் சிரித்தது. மாத்தயா சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கித் தன் நெற்றியில் பார்த்தார், பொலிஸ்காரர் நெற்றியில் பார்த்தார். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு. ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார்.

குளிர் திருடிய மூன்று டிகிரியை ஜெயந்தினி ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். கொப்பியில் முப்பத்தாறு என்று எழுதியது தான்தான் என்றாள். கிளாக்கரின் பேரை இழுக்கவில்லை. இன்றைக்கு லயத்தில் ஒருவருக்கு நிச்சயமாகக் காய்ச்சல் இருக்கிறது, அடுப்பருகில் வைத்துப் பார்த்துவிட்டே வந்தேன் என்றாள்.

“யாருக்கு?” என்று கேட்டது மாயாண்டி.

அவள் அவரைப் பார்த்தாள். பேரை மாத்தயாவிடம் மட்டும் சொல்கிறேன் என்றாள்.

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. பன்னிரண்டடி இடைவெளி எங்கே போனதென்று தெரியவில்லை. எதிரும் புதிருமாக நின்ற இரண்டு கூட்டமும் ஒன்றாகித் திரும்பியது, மரத்தடியில் நின்ற வைரவனைப் பார்த்து.

“மூணு நாளு, மூணு நாளுன்னு இந்தாளு சொன்னாரே, ஏன் சொன்னாரு?” மாயாண்டியின் குரல் கிறீச்சிட்டது. “இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வீட்டுக்குள்ள யாரையோ ஒளிச்சு வெச்சிருக்காரு. வாங்கடா, போய்ப் பாப்போம்.”

நாலைந்து பேர் கடைசி லயத்தை நோக்கி நகர்ந்தார்கள். பொலிஸ்காரர் தடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அங்க போகாதீங்க. காய்ச்சல் எனக்குத்தான்.”

பூரணி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேட்டுப் படியில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது. அவளைச் சுற்றி நின்றவர்கள், தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி விலகினார்கள்.

மாயாண்டி விலகவில்லை. நகரவுமில்லை. கட்டளை போட்டே பழகிய வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. பீலிப்பக்கம் வரக் கூடாது என்று சொன்ன நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நினைப்பில் ஒரு கணத்துக்கு மேல் நிற்க அவரால் முடியவில்லை.

“எம் பொண்டாட்டி லயத்த விட்டு ஒரு அடி வெளிய வைக்கல,” என்றார். “அப்ப எப்புடி வந்துச்சு? காட்டுப் பாதை இருக்கிறது வைரவன் வீட்டுக்குப் பின்னாலதான். அவரத் தாண்டாம ஒரு ஆளு உள்ள வர முடியாது, போக முடியாது. கேளுங்க மாத்தயா அவர.”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. மாத்தயாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். வேலாயி லயத்து நோய் முடிந்து வாரம் இரண்டாகிறது. மூடின டிவிஷனுக்குள் புதுக் காய்ச்சல் என்றால், யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் தடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார்.

“ஹரி, சரி. வைரவன், நீங்க சொல்லுங்க. இந்தக் காட்டால யாரு போனது? நீங்க கண்டதுதானே? அதுதான மூணு நாள் கேட்டது?”

வைரவன் மரப்பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லல்லன்னா பொலிஸுக்கு நான் ஒங்க பேரைத்தான் குடுக்க வரும்.”

“குடுங்க,” என்றார் வைரவன். “எனக்கு ஒன்னும் தெரியாது. சும்மா வாயில வந்துச்சு, சொன்னேன்.”

போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அவர் தோளில் கையை வைத்துத் தள்ளினான். அவர் மரத்தில் சாய்ந்தார். கீழே விழுந்த தலைப்பாகைத் துண்டை எடுத்து மெதுவாக உதறினார். அப்போது அவர் கண் ஒரே ஒரு தரம், ஒரு நொடி, ஜெயந்தினியின் பக்கம் வந்தது. குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பேசாம இரு புள்ள என்கிற பார்வை.

முந்தாநாள் ஐந்து, நேற்று நாலு, இன்றைக்கு மூன்று. பதினாலில் பதினொன்று கழிந்தால் மூன்று. அந்த மனுசன் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜெயந்தினி நடந்துபோய் அவருக்கு முன்னால் நின்றாள், தள்ளியவனுக்கும் அவருக்கும் நடுவில்.

“அவர விடுங்க. போனது நான்தான்.”

மாத்தயாவுக்குத் தமிழ் சரியாக விளங்க வேண்டும் என்று அவள் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“பதினோரு நாளைக்கு முன்ன, மத்தியானப் பனியில, வைரவன் பெரியப்பா வீட்டுக்குப் பின்னாலதான் போனேன். யாரும் பாக்கலன்னு நெனச்சேன். நனைஞ்சு நடுங்கித் திரும்பினப்ப பூரணிக்காதான் அடுப்புக்கிட்ட உக்கார வெச்சுத் தலை தொவட்டினாங்க. அதுக்கப்புறமும் தெனம் அவுங்க அடுப்புக்கிட்டதான் உக்காந்தேன். வேற ஒரு ஆளும் போகல, வரல.”

“எங்க போனது?”

“கந்தப்பளைக்கு. எம்புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தேன்.” அவள் கை தானாக ஸ்வெட்டரின் மேல், வலிக்கும் இடத்தில் போய் நின்றது. “எங்கம்மா அன்னைக்கே இருமிக்கிட்டுதான் இருந்தாங்க. மொதல்ல அங்க போங்க, மாத்தயா.”